விலங்கிலிருந்து மனிதருக்குத் தாவும் வைரஸ்கள்: எல்லைப்புற டாக்டர் ஆராய்ச்சிக்குள் நுழைய எது சரியான வழி?

கூடலூர்_எம்.ஓ.
எல்லாருக்கும் வணக்கம். எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பவர் நிபா (பழந்தின்னி வௌவாலிலிருந்து வரும் மூளைக்காய்ச்சல்), குரங்குக் காய்ச்சல் (காட்டு உண்ணி கடித்து வரும் ஜுரம்) மாதிரி நோய்களில் ஆராய்ச்சி செய்ய நினைத்தால் எங்கே தொடங்குவது? எம்.டி. மைக்ரோபயாலஜி, கம்யூனிட்டி மெடிசின், பி.எச்டி. என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நான் இருப்பது நீலகிரி கூடலூரில். நாடுகாணி தாண்டினால் கேரளத்தின் மலப்புறம், சோலாடி, தாளூர், பாட்டவயல் தாண்டினால் வயநாடு. இரண்டு மாவட்டத்திலும் இந்த நோய்கள் வந்திருக்கின்றன. இங்கே இருந்துகொண்டே உருப்படியாக என்ன செய்ய முடியும் என்பதையும் சொல்லுங்கள்.

காட்பாடி_வைராலஜி
தம்பி, எந்தப் பட்டம் என்பது நீங்கள் எந்தக் கேள்வியைத் துரத்தப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. "இது என்ன கிருமி?" என்பது உங்கள் கேள்வி என்றால் எம்.டி. மைக்ரோபயாலஜி, மூன்று வருடம், அதன் பிறகு வைராலஜி லேப். "யாருக்கு, எங்கே, எதனால் வந்தது?" என்பது கேள்வி என்றால் கம்யூனிட்டி மெடிசின், அல்லது சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் இரண்டு வருட எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலை) படிப்பு. டெல்லி தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் (என்.சி.டி.சி.) 2012 முதல் நடத்தும் இ.ஐ.எஸ். என்ற தொற்றுநோய்ப் புலனாய்வுப் பயிற்சியும் இரண்டு வருடம்தான். அதில் வகுப்பறை குறைவு, களம் அதிகம். பி.எச்டி.யை எம்.டி.க்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் உரிமையும் லேபில் கையெழுத்திடும் உரிமையும் கையில் இருக்கும்போது பி.எச்டி. செய்தால் அதன் பலனே வேறு.

நிபா கண்டுபிடிக்கப்பட்ட விதத்தை ஒருமுறை ஊன்றிப் படியுங்கள். இந்தத் துறையில் ஒரு டாக்டரின் வேலை என்ன என்பது அதில் முழுதாக இருக்கிறது. 1998 செப்டம்பரில் மலேசியாவில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைக்காரர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவுகட்டிக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நிற்கவில்லை. அந்த முடிவு தப்பு என்பதற்கு நோயாளிப் பட்டியலிலேயே சாட்சி இருந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் பன்றியோடு நேரடியாக வேலை செய்த வயது வந்த ஆண்கள், அதிலும் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் இருந்தார்கள். பன்றிகளும் இருமி இருமிச் செத்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் பன்றி அப்படிச் சாகாது.

1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தில் வைராலஜி பயிற்சியில் இருந்த சுவா காவ் பிங் என்ற டாக்டர், சுங்கை நிபா கிராமத்து நோயாளியின் தண்டுவடத் திரவத்தை (சி.எஸ்.எஃப்.) வீரோ செல்லில் (லேபில் வளர்க்கும் குரங்குச் சிறுநீரகச் செல்) வளர்த்தார். சில நாளில் செல்கள் ஒன்றோடொன்று கலந்து பல உட்கரு கொண்ட பெரிய செல்களாயின. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் செல்லை இப்படி ஒட்டவைக்காது. மாதிரியை அமெரிக்காவுக்கே எடுத்துப்போய் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது பாராமிக்ஸோ குடும்பம் (தட்டம்மை வைரஸின் குடும்பம்) என்று தெரிந்தது. அந்தச் சுற்று ஓய்வதற்குள் மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 சாவு. பத்து லட்சத்துக்கும் மேல் பன்றிகளைக் கொன்றார்கள். அவர் அதோடு விடவில்லை. தியோமான் தீவில் வௌவால் தங்கும் மரத்தடியில் பிளாஸ்டிக் விரித்துச் சிறுநீர் சேகரித்து, அதிலிருந்தும் நிபாவை வளர்த்துக் காட்டினார். வார்டு, லேப், மரத்தடி மூன்றையும் ஒரே டாக்டர் இணைத்தார் என்பதைக் கவனியுங்கள்.

பத்தேரி_எபிடமி
காட்பாடி சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஆராய்ச்சிக்கு ஆரம்பம் உங்கள் ஓ.பி.யில் கிடக்கும் ஜுர ரிஜிஸ்டர். இப்போது அதில் பெயர், வயது, "ஜுரம்", பாராசிட்டமால், இவ்வளவுதான் இருக்கும். இதை வைத்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

முதலில் சேர்க்க வேண்டியது ஜுரம் தொடங்கிய தேதி. ஆஸ்பத்திரிக்கு வந்த தேதி வேறு, தொடங்கிய தேதி வேறு. கொத்தாக நோய் வந்திருக்கிறதா என்று வரைபடம் போடும்போது வந்த தேதியை வைத்தால், திங்கட்கிழமை தோறும் ஒரு பொய்யான உச்சம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஓ.பி. இல்லாததால் வருவது அது.

அடுத்தது இடம். பஞ்சாயத்துப் பெயர் பத்தாது. எந்த எஸ்டேட், எந்தப் பாடி (குடியிருப்பு), எந்த லைன் வீடு. பிறகு வேலை. "கூலி" என்று எழுதாதீர்கள். கொழுந்து பறிப்பவரா, விறகுக்குக் காட்டுக்குள் போகிறவரா, மாடு மேய்ப்பவரா, தேன் எடுப்பவரா என்று கேட்டு எழுதுங்கள். கடைசி மூன்று வாரத்தில் செத்த குரங்கைப் பார்த்தாரா, வௌவால் கடித்த பழம் எடுத்தாரா, ஜுரக்காரரைப் பக்கத்திலிருந்து கவனித்தாரா, எந்த ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார், எந்த ஆஸ்பத்திரிக்குச் சும்மா பார்க்கப் போனார். இந்தக் கடைசிக் கேள்விதான் எல்லைப் பகுதியின் உயிர்நாடி. தமிழ்நாட்டுப் பந்தலூர்க்காரர் கேரளத்துப் பத்தேரிக்கும் கோழிக்கோட்டுக்கும் போவார், கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரர் கோவைக்குப் போவார். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு மாநிலக் கணக்கிலும் தம்பி இன்னொரு மாநிலக் கணக்கிலும் இருந்தால், இரண்டு இடத்திலும் அது தனித்தனி ஒற்றை நோயாளிதான். கொத்து யார் கண்ணிலும் படாது.

2018 மே மாதம் கோழிக்கோடு பேராம்பிரையில் நிபா பிடிபட்டது எப்படி? முதல் நோயாளிக்குப் பரிசோதனையே நடக்கவில்லை. அதே குடும்பத்தில் அடுத்தவர் மூளைக்காய்ச்சலோடு வந்தபோதுதான் டாக்டர்களுக்குச் சந்தேகம் தட்டியது. மாதிரி மணிப்பால் வைரஸ் ஆய்வு மையத்துக்குப் போனது, புனே தேசிய வைராலஜி நிறுவனம் உறுதி செய்தது. அந்தச் சுற்றில் பெரும்பாலானோருக்கு நோய் தொற்றிய இடம் ஆஸ்பத்திரி. பேராம்பிரை தாலுகா ஆஸ்பத்திரி நர்ஸ் லினி நோயாளியைக் கவனித்தே உயிர் விட்டார். அந்தக் குடும்பத்துக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் இடையே யார் எப்போது எங்கே நின்றார் என்ற பட்டியலைப் பிற்பாடு வரிவரியாகக் கட்டியதால்தான் எல்லாரும் ஒரே முதல் நோயாளியிலிருந்து வந்தவர்கள் என்று நிரூபிக்க முடிந்தது. அப்படிப்பட்ட பட்டியல் கட்டப் பழகுவதுதான் முதல் ஆராய்ச்சிப் பயிற்சி.

பந்தலூர்_ஹெச்.ஐ.
டாக்டர், பத்தேரி மேடம் சொன்ன பாடி விவரம் ஃபீல்டில் கேட்டால் கிடைக்கும். ஓ.பி. கூட்டத்தில் கிடைக்காது. கிராம சுகாதார செவிலியரிடம் ஒரு தாள் கொடுத்து, அடுத்த நாள் வீட்டுக்குப் போய்க் கேட்கச் சொல்லுங்கள். பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்பில் அவங்க ஆளையே கூட்டிக்கிட்டுப் போகணும். குரங்கு செத்துக் கிடந்தால் வனத்துறைக்குத் தெரிவதற்கு முந்தியே அவங்களுக்குத் தெரியும்.

சோதனைச்சாவடியில் நெற்றியில் ஜுரம் பார்ப்பது பற்றியும் யாராவது சொல்லுங்க. ஒவ்வொரு தடவையும் அதற்குத்தான் ஆள் போடுறாங்க.

பத்தேரி_எபிடமி
அதனால் நோயாளி பிடிபடுவது மிக அபூர்வம். நிபா உள்ளே நுழைந்து ஜுரமாக வெளிப்படப் பெரும்பாலும் 4 முதல் 14 நாள் ஆகும். அந்த நாட்களில் ஆள் சாவடி வழியாக நல்லபடியாகப் போவார். ஜுரம் வந்து முடியாமல் இருப்பவரோ ஆம்புலன்ஸில் போவார், அவரை யாரும் நிறுத்தி நெற்றி பார்ப்பதில்லை. தொடர்பில் இருந்தவர்களை 21 நாள் கண்காணிக்கிறார்கள், அந்தப் பட்டியலை எல்லைக்கு இரண்டு பக்கமும் அன்றைக்கு அன்றே பகிர்வதற்கு அந்த ஆட்களைப் போட்டால் பலன் அதிகம். இதை ஒரு ஆய்வுக் கேள்வியாகவே எடுக்கலாம்: தொடர்புப் பட்டியலில் ஒருவர் பெயர் வந்ததிலிருந்து அவர் ஊர் மருத்துவ அலுவலருக்கு (எம்.ஓ.) தகவல் வர எத்தனை மணி நேரம்? பணம் தேவையில்லாத ஆய்வு இது. செய்தவர்கள் குறைவு.

கொழிஞ்சாம்பாறை_கால்நடை
மனிதரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். விலங்குப் பக்கத்தில் எது கெட்டுப்போகும் என்பதையும் டாக்டர் தெரிந்துகொள்ளணும்.

2018-ல் முதலில் சோதித்தது கிணற்றுக்குள் இருந்த பூச்சி தின்னும் வௌவால்களை. நிபா இல்லை என்று வந்ததும், "அப்போ வௌவால் காரணமில்லை" என்று பத்திரிகையில் வந்துவிட்டது. தேட வேண்டியது பழந்தின்னி வௌவாலை. பிறகு அதே பகுதியில் பழந்தின்னிகளைப் பிடித்துப் பார்த்தபோது வைரஸ் கிடைத்தது. இனத்தை மாற்றி எடுத்தால் பி.சி.ஆர். (வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை) எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பதில் தப்புத்தான்.

சிறுநீர் எடுக்கும் முறை: பழந்தின்னி இரவெல்லாம் மேய்ந்துவிட்டு விடியுமுன் மரத்துக்குத் திரும்பும். திரும்புவதற்கு முன்னாலேயே, மூன்று மூன்றரை மணிக்குள், மரத்தடியில் புதுப் பாலித்தீன் விரித்திருக்கணும். பழைய தார்ப்பாய் கூடாது, முந்தின ஊரின் எச்சம் அதில் ஒட்டியிருக்கும். வெயில் ஏறுவதற்குள் பைபெட்டில் துளித்துளியாக எடுத்து, பாதியை வி.டி.எம்.மிலும் (வைரஸைக் கெடாமல் வைக்கும் திரவம்) பாதியை லைசிஸ் பஃபரிலும் (வைரஸை உடைத்துச் சாகடிக்கும் கரைசல்) போட்டு, அங்கேயே குளிர்ப் பெட்டியில் வைக்கணும். வெயில் பட்ட சிறுநீரில் ஆர்.என்.ஏ. உடைந்துபோகும். மழை பெய்தால் அன்றைய வேலை வீண், நீர்த்துப்போகும். எச்சமும் பழச்சக்கையும் கலந்த துளியை எடுத்தால் பி.சி.ஆர். தடைபட்டு, இருக்கிற வைரஸும் இல்லை என்று காட்டும். அதனால் உள்கட்டுப்பாடு (சோதனை தடைபடாமல் ஓடியதா என்று காட்டக் கூடவே சேர்ப்பது) வேலை செய்ததா என்று பார்க்காமல் நெகட்டிவ் என்று எழுதாதீர்கள்.

இன்னொன்று. ஒரு விரிப்பில் விழும் துளிகள் பல வௌவால்களுடையவை. பத்துத் துளியைச் சேர்த்து ஒரு குப்பியாக்கி, "இத்தனை சதவீத வௌவாலுக்குத் தொற்று" என்று எழுதுவது பெருந்தவறு. மரத்துக்குத் தொற்று இருக்கிறதா என்பதற்கு மட்டும் அது பதில். தனி வௌவாலின் கணக்கு வேண்டுமென்றால் வலை போட்டுப் பிடித்து, மயக்கம் கொடுத்து, தொண்டை ஸ்வாப், மலவாய் ஸ்வாப், ரத்தம் எடுக்கணும். உடல் எடையில் 1 சதவீதத்துக்கு மேல் ரத்தம் எடுக்கக் கூடாது. வேலைக்கு 1 மி.லி.யே தாராளம். பிடிப்பவர் தோல் கையுறைக்கு உள்ளே நைட்ரைல் போடணும், என்95, கண்ணாடி கட்டாயம். ரேபிஸ் தடுப்பூசி முன்கூட்டியே 0, 7, 21 அல்லது 28-ம் நாளில் போட்டு முடித்திருக்கணும். முடிக்காதவர் வலைப்பக்கம் வரவே கூடாது.

காட்பாடி_வைராலஜி
கால்நடை டாக்டர் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் கூடலூர் தம்பி வௌவாலில் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. வௌவாலில் வைரஸ் இருக்கிறது என்பது 2018-க்குப் பிறகு திரும்பத் திரும்பக் காட்டப்பட்ட விஷயம். மரத்திலிருந்து முதல் மனிதருக்கு எந்த வழியில் வந்தது என்பதுதான் கேரளத்தில் இன்னும் கட்டப்படாத கண்ணி. வங்கதேசத்தில் பச்சை ஈச்சங்கள் குடிப்பதோடு அது தெளிவாக இணைந்தது. இங்கே அந்தப் பழக்கம் வழியாக என்று காட்டப்படவில்லை. முதல் நோயாளி பெரும்பாலும் கேள்வி கேட்பதற்குள் இறந்துவிடுகிறார் அல்லது நினைவிழந்துவிடுகிறார். அதனால் அந்தக் கண்ணியைப் பிடிக்கும் வாய்ப்பு, ஆளை ஜுரத்தின் இரண்டாம் நாளில் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கே உண்டு. புனேக்காரருக்கு இல்லை.

கொழிஞ்சாம்பாறை_கால்நடை
சார், அதில் பாதிதான் ஒத்துக்கொள்கிறேன். ஆளுக்கு வந்தபிறகு பார்ப்பது எப்போதும் ஒரு படி பின்னாலேயே இருக்கும். குரங்குக் காய்ச்சலைப் பாருங்கள். 1957-ல் ஷிமோகா கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபிறகு, டெல்ஃபோர்டு வொர்க் தலைமையில் புனே வைரஸ் ஆய்வு மையத்தார் போய்க் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு பல வருடம் அது அந்தப் பக்கத்து நோய் என்றே இருந்தோம். 2012-13-ல் பந்திப்பூர் பக்கம் வந்தது, 2013-ல் வயநாடு, 2015-ல் வயநாட்டில் நூற்றுக்கு மேல் நோயாளிகள். முன்னறிவிப்பு கொடுப்பது குரங்குச் சாவு. அதைப் பார்க்கிற ஆள் கால்நடைத் துறையிலும் வனத்துறையிலும்தான் இருக்கிறார்.

செத்த குரங்கு கிடைத்தால் வெறுங்கையால் தொடக் கூடாது, பக்கத்தில் உட்காரக் கூடாது. உடம்பு குளிர்ந்ததும் உண்ணி இறங்கிச் சுற்றிலும் பரவும், ஆபத்தே அதுதான். மாலத்தியான் தூள் தூவிய பிறகே அருகில் போகணும். அழுகிய உடலில் வைரஸ் கிடைப்பது கடினம். நேரத்தை வீணாக்காமல் எரித்துவிட்டு, சுற்றுப்புறத்தில் உண்ணி சேகரியுங்கள். மீட்டர் அளவு வெள்ளை ஃபிளானல் துணியைச் சருகின் மேல் மெதுவாக இழுத்துப் போய், சில அடிக்கு ஒருமுறை புரட்டிப் பார்த்து இடுக்கியால் எடுக்கணும். டிசம்பர் முதல் வேனில் தொடக்கம் வரை கடுகைவிடச் சிறிய இளம் உண்ணிகள் கிடைக்கும், மனிதரைக் கடிப்பது அவைதான். பனி ஈரத்தில் துணி நனைந்தால் உண்ணி ஒட்டாது, காலை பத்து மணிக்கு மேல் போங்கள்.

பத்தேரி_எபிடமி
குரங்குக் காய்ச்சல் ஓ.பி.யில் டெங்கு மாதிரியே வரும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். திடீர் கடும் ஜுரம், உடம்பு வலி, வெள்ளணு குறைவு, பிளேட்லெட் குறைவு, கல்லீரல் என்சைம் ஏற்றம். டெங்குவுக்கான என்.எஸ்.1 சோதனை நெகட்டிவ் வந்ததும் "வைரல் ஃபீவர்" என்று எழுதி அனுப்பிவிடுகிறோம். ஜனவரி முதல் மே வரை, காட்டுக்குள் போகிறவர், கண் சிவப்பு, பிளேட்லெட் குறைவு, என்.எஸ்.1 நெகட்டிவ். இந்த ஐந்தும் சேர்ந்தால் குரங்குக் காய்ச்சலுக்கு மாதிரி அனுப்புங்கள். முதல் வாரத்தில் பி.சி.ஆர்., அதன் பிறகு ஐ.ஜி.எம். ஆன்டிபாடி சோதனை. டெங்கு ஐ.ஜி.எம். பாசிட்டிவ் வந்துவிட்டது என்று நிறுத்தவும் வேண்டாம். ஒரே ஃபிளேவி குடும்பத்து வைரஸ்கள், ஆன்டிபாடி ஒன்றுக்கொன்று குறுக்கே காட்டும்.

ஜுரம் விட்டுப்போனவரில் சிலருக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்துத் தலைவலி, நடுக்கம், கழுத்து விறைப்போடு திரும்ப வரும். முதல் சுற்றில் ரிஜிஸ்டர் சரியாக இருந்தால்தான் இரண்டாம் சுற்றை அதோடு இணைக்க முடியும்.

கூடலூர்_எம்.ஓ.
எல்லாருக்கும் நன்றி. ரிஜிஸ்டர், உண்ணி இரண்டையும் இங்கேயே தொடங்கலாம் என்று புரிகிறது. இரண்டு கேள்வி. இரண்டு மாநிலத்திலும் வேலை செய்ய என்னென்ன அனுமதி வேண்டும்? சந்தேக நோயாளியிடம் மாதிரி எடுத்து அனுப்பும்போது எங்கே சொதப்புகிறது?

காட்பாடி_வைராலஜி
அனுமதியை முதலில் சொல்கிறேன். மனித மாதிரிக்கு உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தனிக் குழு இருக்காது, ஏதாவது மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்துதான் போக வேண்டும். ஆக, ஆய்வுத் திட்டத்தில் முதல் வரியே அங்குள்ள துணை ஆய்வாளரைப் பிடிப்பது. வெளிநாட்டுப் பணமோ வெளிநாட்டு லேபோ வந்தால் சுகாதார அமைச்சகத்தின் தேர்வுக் குழு ஒப்புதல் வேண்டும். அது இல்லாமல் ஒரு குப்பி சீரம்கூட நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது.

வனவிலங்குக்கு, 1972 சட்டத்தின் 12-ம் பிரிவின்கீழ் மாநிலத் தலைமை வனஉயிரினக் காப்பாளர் அனுமதி. தமிழ்நாட்டு அனுமதி தாளூர் எல்லையோடு முடிந்துவிடும், கேரளத்துக்குத் தனி விண்ணப்பம். பழந்தின்னி வௌவால் முன்பு தீங்குயிர்ப் பட்டியலில் (சட்டப் பாதுகாப்பு இல்லாதவை) இருந்தது. 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலே எடுக்கப்பட்டுவிட்டது. பழைய ஞாபகத்தில் அனுமதி வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆந்திரப் பக்கம் பற்றி யாரும் பேசவில்லை, ஒரு வரி. 2003-ல் அங்கே குழந்தைகளிடம் மூளைக்காய்ச்சல் பரவி 329 பேரில் 183 பேர் இறந்தார்கள். சண்டிபுரா வைரஸ், மணல் ஈ வழியாக. ஒருநாள் இரண்டு நாளில் உயிரையே முடித்துவிடும் நோய். வேலூர், சித்தூர்ப் பக்கம் இருப்பவர்கள் குழந்தை மூளைக்காய்ச்சல் என்றால் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஐ.ஜி.எம்.மோடு நிற்காமல் சண்டிபுரா பி.சி.ஆர்.ரும் கேட்க வேண்டும்.

வாளையார்_லேப்
மாதிரி பற்றி நான் சொல்றேனுங்க.

நிபா சந்தேகம் என்றால் தொண்டை ஸ்வாப் வி.டி.எம்.மில், சிறுநீர் 10 மி.லி., ரத்தம் சாதாரண குழாயில் 5 மி.லி., ஈ.டி.டி.ஏ. குழாயில் ஒன்று, எடுக்க முடிந்தால் சி.எஸ்.எஃப். 1 முதல் 2 மி.லி. சிறுநீரை விட்டுவிடுகிறார்கள், விடாதீங்க. ஹெப்பாரின் குழாயில் ரத்தம் எடுத்தால் பி.சி.ஆர். தடைபடும். மரக்குச்சி, பஞ்சு ஸ்வாப்பும் வேண்டாம், நைலான் அல்லது டேக்ரான் போதும். ஃபிரீசரில் வைத்து எடுத்து மறுபடி வைக்காதீங்க. இரண்டு மூன்று நாளில் போய்ச் சேரும் என்றால் 2 முதல் 8 டிகிரியே சரி.

கட்டுவது மூன்று அடுக்கு. குப்பி மூடியைப் பாராஃபிலிம் சுற்றி, உறிஞ்சும் பஞ்சில் பொதிந்து, கசியாத இரண்டாம் டப்பாவில், அதற்கு வெளியே கெட்டிப் பெட்டி. படிவம் இரண்டாம் டப்பாவுக்கு வெளியே இருக்கணும். உள்ளே வைத்தால் எங்க பக்கம் லேப் பாதுகாப்புக் கேபினட்டுக்குள் வைத்துத்தான் பிரிக்கணும், பெயர் தெரியாமல் மாதிரி நிற்கும். டெங்கு ரத்தம் மாதிரி இதை யு.என். 3373 (சாதாரண நோய் மாதிரிக்கான எண்) என்று ஒட்டி அனுப்பக் கூடாது. நிபாவும் குரங்குக் காய்ச்சலும் சந்தேக மாதிரியே யு.என். 2814-ல் (உயிருக்கு ஆபத்தான கிருமிக்கான எண்) வரும், வளர்த்த வைரஸ் மட்டுமல்ல. டிரை ஐஸ் போட்டால் வெளிப்பெட்டியை இறுக்கி டேப் சுற்றாதீங்க, வாயு போக வழி இல்லாமல் பெட்டி வெடிக்கும்.

பேனா மையில் பெயர் எழுதினால் ஸ்பிரிட் பட்டதும் அழிஞ்சுபோகும். குளிர் தாங்கும் லேபிளில் பென்சிலில் எழுதுங்க.

துடைக்க 0.5 சதவீத குளோரின். 33 சதவீத பிளீச்சிங் பவுடர் என்றால் லிட்டருக்கு 15 கிராம், தினமும் புதுசாக. மழைக்காலத்தில் மூட்டை திறந்து கட்டி தட்டிய பவுடரில் சத்து இருக்காது, வாசனை இருந்தாலும் நம்பாதீங்க. முக்கியமான ஒன்று: லைசிஸ் பஃபர் சிந்தினால் அதன்மேல் பிளீச் ஊற்றவே கூடாது. அதில் குவானிடின் இருக்கு, சேர்ந்தால் விஷவாயு வரும். முதலில் டிஷ்யூவால் ஒற்றி எடுத்துத் தனிப்பையில் கட்டி, தண்ணீரும் சோப்பும் போட்டுத் துடைத்த பிறகுதான் பிளீச். ஃபீல்டுக்குப் போகும் பெட்டியில் இரண்டு குப்பியும் பக்கம் பக்கமாக இருக்கும், ஆளுக்குத் தெரியாது. மூடியில் வேற வேற நிறம் ஒட்டி வைங்க.

பந்தலூர்_ஹெச்.ஐ.
இங்கே ஃபீல்டு பெட்டியில் இப்போ பிளீச் மட்டும்தான் இருக்கு. லைசிஸ் பஃபரை மாவட்ட வைரஸ் ஆய்வகத்தில் (வி.ஆர்.டி.எல்.) கேட்டால் தருவாங்களா?

வாளையார்_லேப்
கடிதம் கொடுத்தால் தருவாங்க. எதற்கு, எத்தனை குப்பி, எந்தத் தேதிக்குள் திருப்பி அனுப்புவீங்க என்று எழுதி எம்.ஓ. கையெழுத்தோடு கொடுங்க. காலாவதித் தேதி பார்த்து வாங்குங்க. குளிரில் உப்பு படிந்திருந்தால் வெந்நீரில் வைத்துக் கரைச்ச பிறகு பயன்படுத்துங்க, படிஞ்சபடியே ஊற்றினால் வைரஸ் முழுசாகச் செத்திருக்காது.